மேட்டில் மட்டும் மிஸ் அடித்த யூனோஸ்: ஒரு பிளக் வயர் நிகழ்வு ஆய்வு

வண்டி 1991-ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர். மற்ற நாடுகளில் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்றும் அமெரிக்காவில் மியாட்டா என்றும் விற்ற அதே இரண்டு சீட்டு வண்டிக்கு ஜப்பானில் இந்தப் பெயர். அங்கும் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால், ஓடிய வண்டிகளாக இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவை ஏராளம். இதுவும் அப்படி வந்ததுதான். ஓட்டுபவர் ஷெஃபீல்டில் வேலை பார்க்கும் நண்பர், என்னைவிட வயதில் இளையவர்.

ஊருக்குள் ஓட்டும்போது குறையே தெரியாது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, கொஞ்சம் நடுங்கும், அவ்வளவுதான். ஷெஃபீல்டிலிருந்து கிளாசப் பக்கம் போகும் ஏ57 சாலையில் ஸ்னேக் பாஸ் என்றொரு மலைவழி உண்டு. உச்சி 500 மீட்டருக்கு மேலே. ஈரமும் மூடுபனியும் குறைவில்லாத இடம். அந்த ஏற்றத்தில் ஐந்தாவது கியரில் 3,000 சுற்று வாக்கில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். காலைக் கொஞ்சம் எடுத்தால் சரியாகிவிடும். கியரைக் குறைத்து மெதுவாக மிதித்தாலும் ஏறிவிடும். மழை நாளில் தொந்தரவு அதிகம், காய்ந்த நாளில் குறைவு.

அவர் ஏற்கெனவே ஒரு கேரேஜில் காட்டியிருந்தார். எரிபொருள் சரியாக வரவில்லை என்று சொல்லி பெட்ரோல் பம்பையும் ஃபில்டரையும் மாற்றியிருந்தார்கள்.

"அண்ணே, பம்ப் மாத்தியாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு, இன்னும் மேட்டுல திக்குது. அடுத்து காயில் மாத்தணும்ங்கிறாங்க."

"இப்போதைக்குக் காயில்ல கை வைக்க வேணாம் தம்பி. வண்டிய முதல்ல இங்க கொண்டு வா."

அப்படிச் சொல்லக் காரணம் அவர் விவரித்த விதம். காயில் என்பது பேட்டரி கரண்டைப் பொறிக்குத் தேவையான உயர் வோல்ட்டாக மாற்றும் பாகம். சிலிண்டருக்குள் பொறி அடிக்கும் பிளக்குக்கு அதைக் கொண்டுபோவது பிளக் வயர். பெட்ரோல் பற்றாத வண்டி மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும். நீண்ட நேரம் அதிகச் சுற்றில் வைத்திருந்தால் இன்னும் மோசமாகும். கரண்ட் தவறும் வண்டி அப்படிச் செய்யாது, 'டக் டக்' என்று வெட்டும். நடுத்தரச் சுற்றில் த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கும்போது வெட்டுகிறது, ஈரத்தில் அதிகமாக வெட்டுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிளக் வயரும் பிளக்கும். வெட்டும்போது, எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரின் முள் என்ன செய்கிறது என்றும் கேட்டேன். ஆடாமல் நிற்கிறதாம். இந்த 1.6 எஞ்சினில் டேக்கோவுக்கான சிக்னல், காயிலை இயக்கும் இக்னைட்டர் பக்கமிருந்து வருகிறது. முள் நிலையாக நின்றால் காயிலுக்கு முந்தைய பகுதி பெரும்பாலும் தன் வேலையைச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எஞ்சினின் அமைப்பு

எம்எக்ஸ்-5 முதலில் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வந்தது. பாப் ஹால் விதைத்த யோசனை, தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் வண்டியானது. பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களின் சுகம் வேண்டும், அவற்றின் ஒழுகலும் வழியில் நிற்பதும் வேண்டாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. எஞ்சின் புதிதாகச் செய்ததல்ல. முன்சக்கர ஓட்ட ஃபமிலியாவில் குறுக்காக இருந்த பி6 குடும்பத்து 1,597 சிசி எஞ்சினை நீளவாட்டில் திருப்பி வைத்தார்கள். இரட்டை கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டுகள்), 16 வால்வு.

திருப்பியதும், பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்க வேண்டிய இடம் டிரைவர் கால் வைக்கும் சுவரை ஒட்டி வந்துவிட்டது. அங்கே டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதிலாக, கேம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சாரையும், அதன் பக்கத்தில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் பின்முனையில் காயில் பேக்கையும் பொருத்தினார்கள். நான்கு வயர்களும் பின்னாலிருந்து முன்னால் ஓடும். ரேடியேட்டர் பக்கம் இருக்கும் ஒன்றாம் சிலிண்டருக்கு நீளமான வயர், சுவர்ப் பக்கம் இருக்கும் நான்காம் சிலிண்டருக்குக் குட்டை வயர். காற்றோட்டம் குறைந்த, சூடு தேங்கும் மூலை அது.

காயில்கள் இரண்டு. ஒன்று 1, 4 சிலிண்டர்களுக்கு, மற்றது 2, 3-க்கு. ஒரு காயில் தன் இரண்டு பிளக்கிலும் ஒரே நேரத்தில் பொறி அடிக்கும். ஒன்று அழுத்தத்தின் முடிவில் வேலைக்கு ஆகும். மற்றது புகை வெளியேறும் நேரத்தில் வீணாகப் போகும். வேஸ்ட் ஸ்பார்க் என்பது இதைத்தான். கரண்ட் காயிலின் ஒரு முனையிலிருந்து கிளம்பி, வயர், பிளக், எஞ்சின் ஹெட், ஜோடிப் பிளக், அதன் வயர் வழியாகக் காயிலின் மறுமுனைக்குத் திரும்புகிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி கண்டுபிடித்த மாதிரி. 1-ம் 4-ம் சேர்ந்து செத்தால் காயிலையோ இக்னைட்டரையோ சந்தேகிக்கலாம். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தவறினால் குறை காயிலைத் தாண்டி, அந்தச் சிலிண்டரின் வயரிலோ பிளக்கிலோ இருக்கும். இல்லையென்றால் பெட்ரோல் பீய்ச்சும் அதன் இன்ஜெக்டரில். வயர் வழியில் எர்த்துக்குக் கசிந்தாலும் ஜோடிச் சிலிண்டர் கவலையில்லாமல் எரியும். அதன் சுற்று ஹெட் வழியாக எப்படியும் முடிந்துவிடுகிறது அல்லவா.

சோதனைகள்

ஐடிலிங்கில் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய மெக்கானிக் வழக்கம். இந்த வண்டியில் அதைச் செய்யக் கூடாது. திறந்த சுற்றில் காயில் மின்னழுத்தம் எகிறி காயிலையோ இக்னைட்டரையோ சாகடிக்கலாம். எரியாத பெட்ரோலும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டுக்குப் போகும். இன்ஜெக்டரைக் கழற்றினால் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோலே போகாது. நான்கிலும் எஞ்சின் சுற்று இறங்கியது. நான்காவதில் மட்டும் இறக்கம் கொஞ்சம் குறைவு. ஐடிலிங்கில் எல்லாச் சிலிண்டரும் ஏதோ ஒரு அளவுக்கு எரிகின்றன என்று பொருள்.

எம்ஓடி என்கிற வருடாந்தரச் சோதனையில் இந்தக் குறை மாட்டாமல் போனதிலும் வியப்பில்லை. 1986 ஆகஸ்டிலிருந்து 1992 ஜூலைக்குள் ஓடத் தொடங்கிய வண்டிகளுக்குப் புகை வரம்பு தளர்வானது: கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,200 பிபிஎம். அதையும் ஐடிலிங்கில்தான் அளப்பார்கள். மேடு ஏறும்போது வரும் குறை அங்கே எப்படித் தெரியும்?

அப்புறம் மல்டிமீட்டர். டிக்கியில் இருக்கும் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு (இந்த வண்டியில் பேட்டரி பின்னால்தான்) காயில்களை அளந்தேன். பேட்டரிப் பக்கச் சுருளான பிரைமரி இரண்டிலும் 1 ஓமுக்குக் கீழே, பிளக் பக்கச் சுருளான செகண்டரி 11 முதல் 15 கிலோ ஓமுக்குள். இருக்க வேண்டிய அளவுதான். வயர்களுக்கு மாஸ்டா சொல்லும் அளவு மீட்டருக்கு 16 கிலோ ஓம். நான்கும் தத்தம் நீளத்துக்கு ஏற்றபடி அதற்குள்ளேயே இருந்தன. நான்காம் வயர் குட்டையானது என்பதால் எல்லாவற்றையும்விட நல்ல எண் காட்டியது!

நிறைய பேர் இந்த இடத்தில் வயரை நல்லது என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த பாகத்துக்குப் போய்விடுகிறார்கள். மல்டிமீட்டர் சில வோல்ட்டை மட்டுமே அனுப்பி, நடுவில் ஓடும் கார்பன் நார் அறுந்திருக்கிறதா என்று பார்க்கிறது. சுற்றியிருக்கும் ரப்பர் 20,000 வோல்ட்டைத் தாங்குமா என்பது அதற்குத் தெரியாது. பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தேவையான மின்னழுத்தம், சிலிண்டருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தோடு சேர்ந்து ஏறும். ஐடிலிங்கில் த்ராட்டில் மூடியிருப்பதால் காற்று குறைவு, கொஞ்சம் வோல்ட் போதும். மேட்டில் முழுக்க மிதித்தால் சிலிண்டர் நிறையக் காற்று. அதை நசுக்கியபின் பொறி தாண்டுவதற்குப் பல மடங்கு வோல்ட் கேட்கும். ரப்பரில் பலவீனமான இடம் இருந்தால் கரண்ட் அந்தச் சுலபமான வழியில் ஹெட்டுக்கு இறங்கிவிடும். வாய்க்கால் கரை நடுவில் உடைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராத கதைதான்.

இருட்டில் வயர்கள்மேல் தண்ணீரை மெல்லிய சாரலாகத் தெளித்து நீலப் பொறி தெரிகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. செய்தேன், எதுவும் தெரியவில்லை. அதனால் வயர்களுக்குக் குறையில்லை என்றாகிவிடாது. இந்த எஞ்சினில் பிளக் இரண்டு கேம்களுக்கும் நடுவே ஆழமான குழிக்குள் இருக்கிறது. கசிவு அந்தக் குழிக்குள் நடந்தால் மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது.

நான்காம் குழி

எஞ்சின் நன்றாக ஆறியபின் வயர்களைக் கழற்றினேன். ரப்பர்த் தொப்பியைப் பிடித்து லேசாகத் திருகித்தான் இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளிருக்கும் கார்பன் நார் கிளிப்பிலிருந்து பிய்ந்துவிடும். முதல் மூன்றும் சுத்தமாக வந்தன. நான்காவது வழுக்கிக்கொண்டு வந்தது. தொப்பியின் கீழ்ப் பாதி ஊறி, உப்பி, அமுக்கினால் பள்ளம் விழும் அளவுக்கு மெத்தென்று இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் குழிக்குள் எஞ்சின் ஆயில். பிளக்கின் அறுகோணத் தலை அதில் மூழ்கியிருந்தது.

அப்படியே பிளக்கைக் கழற்றினால் அந்த ஆயிலோடு அடியில் படிந்த மணலும் சிலிண்டருக்குள் விழும். ஆயில் கொஞ்சம் புகைந்து போய்விடும், மணல் போகாது. சிரிஞ்சில் மெல்லிய குழாயைச் செருகி ஆயிலை உறிஞ்சி, பிரேக் கிளீனர் தெளித்து, துணி சுற்றிய குச்சியால் துடைத்து, காற்றடித்த பிறகே 16 மி.மீ. பிளக் சாக்கெட்டை இறக்கினேன்.

முதல் மூன்று பிளக்குகளின் முனை பிஸ்கட் நிறம். நான்காவது கரி பிடித்துக் கறுத்திருந்தது. விஷயம் முனையில் இல்லை, மேலே இருந்தது. வெள்ளைப் பீங்கானில், உச்சியிலிருந்து உலோக உடல் வரை, பென்சிலால் கோடு போட்டதுபோல் கறுப்பாக ஒரு மெல்லிய வரி. ரப்பர்த் தொப்பியைப் பிளந்து பார்த்தபோது உள்சுவரிலும் அதே உயரத்தில் அதன் ஜோடி வரி இருந்தது. கரண்ட் பீங்கானின் வெளிப்புறமாக ஓடி எர்த்தாகியிருக்கிறது. ஒருமுறை அப்படி ஓடினால் அந்த வழியெல்லாம் கார்பன் படியும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த முறை இன்னும் சுலபமாக ஓடும். இதனால்தான் இப்படிப்பட்ட கேஸில் வயரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பிளக்கை வைக்கக் கூடாது. பிளக்கில் இருக்கும் கோடு புதுத் தொப்பியையும் சுட்டுவிடும்.

மற்ற பிளக்குகளின் பீங்கானில் உலோகத்தை ஒட்டிப் பழுப்பாக ஒரு வளையம் இருந்தது. நண்பர் அதைக் காட்டி, "இது கேஸ் லீக்காண்ணே?" என்றார். இல்லை. உயர் மின்னழுத்தம் சுற்றியுள்ள ஆயில் துகள்களை இழுத்து ஒட்டவைப்பதால் வரும் கரோனா கறை அது. எந்தக் கெடுதலும் செய்யாது. பிளக் இடைவெளி 1.1 மி.மீ. இருக்க வேண்டியது எல்லாவற்றிலும் 1.3-ஐத் தொட்டிருந்தது. இடைவெளி கூடக்கூடத் தேவைப்படும் வோல்ட்டும் கூடும், பலவீனமான ரப்பர்மேல் சுமையும் கூடும். எது முதலில் தேய்ந்தது என்று பிரிக்க முடியாது, இரண்டும் சேர்ந்தே வண்டியைக் கெடுத்திருக்கின்றன.

முழு செட்டும் வாங்கி வைத்திருந்தோம். ஆனாலும் முதலில் நான்காம் சிலிண்டருக்கு மட்டும் புது வயர், புது பிளக் போட்டு, மற்ற மூன்றையும் பழையபடியே மாட்டி, அதே மலைவழியில் ஏற்றிப் பார்த்தோம். மழைத் தூறல் வேறு. ஐந்தாவது கியர், 3,000 சுற்று, முழு மிதி. வெட்டவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தாலும் வண்டி சரியாகியிருக்கும். எதனால் சரியானது என்பது மட்டும் தெரிந்திருக்காது. பம்பு மாற்றியவர்களும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பார்கள்.

ஆயில் எங்கிருந்து வந்தது

வயர் தானாகச் சாகவில்லை. இந்தக் கேஸில் முக்கியமானது இதுதான் என்பது என் எண்ணம். ஹெட்டின் மேல்மூடியான டேப்பட் கவரை அடைக்கும் ரப்பர் கேஸ்கட் கருவாடாகக் காய்ந்து, பிளக் குழியைச் சுற்றியுள்ள பகுதியில் பிடிப்பை விட்டிருந்தது. அதை மாற்றாமல் புது வயர் போட்டால் கொஞ்ச காலத்தில் அந்த வயரும் ஊறிப்போகும். "இந்த வண்டிக்கு பிளக் வயர் அடிக்கடி போகும்" என்று எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் சொல்வது வழக்கம். அதில் உண்மை இருக்கிறது, சூடான இடம்தான். ஆனால் அடிக்கடி போகிறது என்று சொல்பவர்களிடம் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

கேஸ்கட்டுக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்தது. கவரின் மேல் ரப்பர் வளையத்தில் செருகியிருக்கும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினேன். நல்ல வால்வு உள்ளே 'கலகல' என்று ஆடும். இது ஆடவில்லை, பிசுக்குப் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றுவது இந்த வால்வுதான். அந்த வழி குறைந்தால் உள்ளே அழுத்தம் கூடி, காய்ந்த கேஸ்கட்டின் வழியாக ஆயிலைத் தள்ளும். விலை குறைந்த சின்ன வால்வுதான். ரப்பர் வளையத்தோடு சேர்த்து மாற்றியாயிற்று.

டேப்பட் கவரைத் திரும்ப மாட்டுவதில் கவனிக்க இரண்டு விஷயம். கேம் மூடிகளின் மூலைகளில், கேஸ்கட் வளைந்து ஏறி இறங்கும் இடங்களில், சிலிக்கான் சீலன்ட் துளி வைக்க வேண்டும். அங்கே வெறும் ரப்பர் அடைக்காது. போல்ட்டுகளுக்கு 5 முதல் 9 நியூட்டன் மீட்டர் வரைதான் முறுக்கு. கை மணிக்கட்டின் பலமே அதற்கு அதிகம். லீக் ஆகிறதே என்று இன்னும் ஒரு திருப்பு திருப்பினால் அலுமினிய மரை உருவிக்கொண்டு வந்துவிடும், அதன்பின் செலவு வேறு தினுசு. நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறிது சிறிதாக இறுக்கினேன்.

கவர் கழன்றிருந்தபோதே ஹெட்டின் பின்பக்கத்தையும் பார்த்தேன். கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம் கசிந்து, ஆயில் கியர்பாக்ஸ் முகப்பு வரை வழிந்திருந்தது. இந்த வண்டியில் வழக்கமாக வரும் கசிவு. கீழிருந்து பார்ப்பவர்கள் கிராங்கின் பின் சீல் போய்விட்டது என்று நினைத்து, கியர்பாக்ஸை இறக்கச் சொல்லி எஸ்டிமேட் கொடுப்பதும் வழக்கம். காயில் பேக்கைக் கழற்றி ஒதுக்கினால் சென்சாரின் ஒற்றை போல்ட்டுக்குக் கை எட்டும். கழற்றும் முன் சென்சாருக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே ஊசியால் ஒரு கோடு கீறி வைத்தேன். பொறி எப்போது அடிக்க வேண்டும் என்கிற இக்னிஷன் டைமிங் அந்தக் கோணத்தில்தான் நிற்கிறது. பழைய ஓ ரிங் வளையமாக வரவில்லை, கடினப்பட்டுத் துண்டு துண்டாக உடைந்து வந்தது.

மாட்டியதும் சரிபார்த்ததும்

பிளக் என்ஜிகே பிகேஆர்6இ-11. கடைசியில் இருக்கும் 11 என்பது 1.1 மி.மீ. இடைவெளி. 6 என்பது வெப்ப எண். என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், பாஷில் இது நேர்மாறு, கடையில் குழம்ப வேண்டாம். பழைய பெட்ரோல் குழாய்த் துண்டு ஒன்றைப் பிளக்கின் தலையில் செருகி அதைப் பிடித்தே குழிக்குள் இறக்கித் திருகினேன். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், ஹெட்டின் மரை பிழைக்கும். இறுதி முறுக்கு 15 முதல் 23 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் எதுவும் தடவவில்லை. இந்தப் பிளக்குகளின் மரைக்கு ஏற்கெனவே பூச்சு உண்டு, மேலே எதையாவது தடவினால் அதே முறுக்கில் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

வயரும் அதே கம்பெனியின், மின்தடை உள்ள ரெசிஸ்டன்ஸ் வயர்தான். சிவப்பில் பருமனாக, "பவர் கூடும்" என்று விற்கும் வயர்களைப் பற்றி நண்பர் கேட்டார். பொறி ஒழுங்காகத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் தடித்த வயரால் ஒரு குதிரைத் திறனும் கூடாது. ரெசிஸ்டன்ஸ் இல்லாத வெறும் செம்பு வயரைப் போட்டால் தொல்லை ரேடியோ இரைச்சலோடு நிற்காது. கேம் ஆங்கிள் சென்சாரின் சிக்னலிலும் குறுக்கீடு புகுந்து கம்ப்யூட்டரைக் குழப்பலாம். தொப்பியின் உள்விளிம்பில் மட்டும், மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லியதாகத் தடவி, 'க்ளிக்' என்று உட்காரும்வரை அமுக்கினேன்.

வயர்களை ஒவ்வொன்றாக மாற்றினால் இடம் மாறாது. மாறினாலும் எதோடு எது மாறியது என்பதைப் பொறுத்தது: 1-ம் 4-ம் மாறினால் எஞ்சின் வழக்கம்போல் ஓடும், இரண்டும் ஒரே நேரத்தில்தான் பொறி அடிக்கின்றன. 1-ம் 2-ம் மாறினால் எஞ்சின் உதறும். வயர்களைப் பிரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைப் பழையவற்றிலிருந்து எடுத்துப் போட்டோம். புது செட்டில் அவை வரவில்லை. அவை இல்லாவிட்டால் வயர்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்து, சூடான கவரில் உரசிக்கொண்டே இருக்கும்.

சென்சாரைத் தொட்டதால் டைமிங் பார்க்காமல் விட முடியாது. எஞ்சின் சூடானபின் டயக்னாஸ்டிக் பெட்டியில் டென் (TEN) என்று குறித்த முனையையும் கிரவுண்டையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தேன். கம்ப்யூட்டர் தன் திருத்தங்களை நிறுத்திவிடும். ஐடிலிங் 850 சுற்று, டைமிங் லைட்டில் 10 டிகிரி. கீறிய கோடு சரியாகவே உட்கார்ந்திருந்தது.

வண்டி இப்போது ஸ்னேக் பாஸில் ஐந்தாவது கியரிலேயே ஏறுகிறது, ஐடிலிங் நடுக்கமும் இல்லை. சில வாரம் கழித்து நான்கு குழிகளிலும் குச்சியில் வெள்ளைத் துணி சுற்றி விட்டுப் பார்த்தோம், காய்ந்திருந்தன. காயில் பேக் பழையதே. ஹெட்டுக்குப் பின்னால் போகும் ஹீட்டர் குழாய்கள் சென்சாரிலிருந்து வழிந்த ஆயிலில் ஊறி மெத்தென்று ஆகியிருக்கின்றன. கூலன்ட் மாற்றும்போது அவற்றையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.